பலாப்பழத்தை வெட்டுங்கள், டீச்சர்

வணக்கம் சார். கானாடுகாத்தான் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக வாசல் கரும்பலகையில் தினமும் ஒரு பொன்மொழி, ஒரு விநோதக் கேள்வி, ஒரு வரலாற்றுத் துணுக்கு எழுதுகிறேன். கேள்விக்குப் பதிலையும் கீழேயே எழுதிவிடுவேன். பிள்ளைகள் வாசித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உடன் வேலை பார்ப்பவர்கள் சாக்பீஸ்தான் வீண் என்கிறார்கள். போன வாரம், பலாப்பழத்தை வெட்டாமலே சுளைகளை எண்ண நம் முன்னோர் கண்ட வழியை எழுதினேன். அதற்கு மட்டும் கைதட்டினார்கள். கைவசம் இருந்த துணுக்குகள் தீரப்போகின்றன. எந்தப் புத்தகங்களிலிருந்து எடுக்கலாம்? பொன்மொழிகள் யார் யார் பெயரிலோ வருகின்றனவே, எதை நம்புவது? இதைத் தொடரத்தான் வேண்டுமா? (பெயர் வேண்டாம் சார்.)

அன்புள்ள டீச்சர்,

சென்ற வாரம் ஊர் வீட்டுப் பரணை ஒழித்தபோது என் ஐயாவின் கைப்பெட்டி கிடைத்தது. ஐயா என்றால் எங்கள் பக்கம் அப்பாவின் அப்பா. அன்றிலிருந்து அவர் நினைப்பாகவே இருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

பொன்மொழியை விட்டுவிடுங்கள். யார் சொன்னது என்று தெரியாததை எழுத வேண்டாம், அவ்வளவுதான். சாக்பீஸ் கணக்குப் பார்ப்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போய், ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக இருந்து, 1942-ல் நடந்தே திரும்பியவர். நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது முகப்புத் திண்ணையில் கைப்பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். 1957-ல் நயா பைசா வந்து எத்தனையோ வருடம் ஆகியும் எங்கள் வீட்டில் அரைக்கால், வீசம், மாகாணி என்ற பழைய பின்னக் கணக்கெல்லாம் புழக்கத்தில் இருந்தன. மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒருநாள் கேட்டார்: "மாகாணிக்கு ஏன்டா மாகாணின்னு பேரு?"

பேர் என்றால் பேர்தான், அதில் என்ன இருக்கிறது என்று ஓடிவிட்டேன். மறுநாளும் அதே கேள்வி. அதற்கு மறுநாளும். வேறு கேள்வி கேட்கவே இல்லை. அப்பத்தாவுக்குப் பாவமாகிவிட்டது. "பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தா என்ன?" என்றார். "விடு, கொதிக்கட்டும்" என்றார் ஐயா.

பதினோராம் நாள், அப்பத்தா புளி கொட்டையெடுத்துக் குவித்திருந்த இடத்தில் எண்பது கொட்டைகளைப் பொறுக்கி வளவுத் தரையில் அடுக்கினேன். எண்பதில் ஒரு மா என்றால் நாலு கொட்டை. ஒரு காணி என்றால் ஒரு கொட்டை. சேர்த்தால் ஐந்து. எண்பதை ஐந்தைந்தாகப் பிரித்தேன். பதினாறு குவியல்! மாவும் காணியும் சேர்ந்ததுதான் மாகாணி. பேருக்குள்ளேயே கணக்கு உட்கார்ந்திருந்திருக்கிறது. கொட்டையை அப்படியே போட்டுவிட்டுத் திண்ணைக்கு ஓடினேன். ஐயா முழுவதையும் கேட்டார். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, "அப்ப முந்திரி?" என்றார். முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. அவ்வளவு கொட்டைக்கு எங்கே போக?

இப்போது சொல்லுங்கள். கேள்விக்குக் கீழேயே பதிலை எழுதுகிறீர்களே, அந்தப் பதினோரு நாளை உங்கள் பிள்ளைகளிடமிருந்து பறிக்கிறீர்கள் என்று தோன்றவில்லையா? எனக்குக் கோபமே வந்தது டீச்சர்.

அதைவிடக் கோபம் பலாப்பழத்தின் மேல். நீங்கள் எழுதியது காரி நாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் இருப்பது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைக் கணக்கு வரும். 'நம் முன்னோர்' என்று ஆரம்பித்தாலே கைதட்டு விழுந்துவிடும். அந்தப் பள்ளியில் ஒருத்தராவது ஒரு பழத்தை வெட்டி எண்ணினீர்களா? நீங்கள் எண்ணினீர்களா?

நான் எண்ணினேன். போன வருடம் வடகாட்டுப் பழம் ஒன்று வாங்கினோம். எது காம்பைச் சுற்றிய முள், எது அடுத்த வரிசை என்பதிலேயே எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் சண்டை. கடைசியில் அறுபத்தைந்து என்று முடிவானது. கணக்குப்படி எழுபத்தெட்டு சுளை இருக்க வேண்டும். வெட்டினால் நூற்றுப் பன்னிரண்டு. அடுத்த பழத்தில் கணக்கை விடக் குறைவு.

சரி, பழைய ஆள் பொய் சொன்னாரா என்று கேட்டால், அங்கேதான் விஷயமே ஆரம்பிக்கிறது. பலாப்பழம் ஒரு பூவிலிருந்து வந்த பழம் கிடையாது. நூற்றுக்கணக்கான பூக்கள் ஒரே தண்டில் நெருக்கியடித்துச் சேர்ந்து ஒரு பழமாகிறது. மேலே இருக்கும் முள் ஒவ்வொன்றும் ஒரு பூவின் நுனி. மகரந்தம் கிடைத்த பூ, கொட்டையோடு சுளையாகிறது. கிடைக்காத பூ, சுளைகளுக்கு நடுவில் நாராகிவிடுகிறது. நாம் பிய்த்து மாட்டுக்குப் போடுகிறோமே, அதெல்லாம் காய்க்காத பூ! ஆக, முள்ளுக்கும் சுளைக்கும் உறவு இருப்பது உண்மை. எத்தனை பூவுக்கு மகரந்தம் கிடைத்தது என்பது மரத்துக்கு மரம், பழத்துக்குப் பழம் மாறும். அதைக் காம்படியில் எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. உறவு இருக்கிறது என்று பார்த்தவரின் கண்ணுக்கு நான் கைகூப்புகிறேன். வெட்டிப் பார்க்காமல் கைதட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதையே இல்லை. அவர் முள்ளை எண்ணினார், நாம் அதைக்கூடச் செய்யவில்லை.

துணுக்கு தீரப்போகிறது என்கிறீர்கள். தினம் ஒன்று என்று யார் சொன்னது? ஒன்று போதும், வாரக்கணக்கில் நிற்கட்டும். 1937 பிப்ரவரி 10-ம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஒரே நாளில் மூன்று ஊர்களில் திறந்தார்கள்: சென்னை, காரைக்குடி, பர்மாவின் ரங்கூன். ஆரம்பித்தவர் உங்கள் கானாடுகாத்தான்காரர், மு.சிதம்பரம் செட்டியார். இதை எழுதிவிட்டு, 'ஏன் ரங்கூன்?' என்று மட்டும் கேளுங்கள். பதில் உங்கள் ஊர் வீடுகளில் தேக்குத் தூணாக நின்றுகொண்டிருக்கிறது. ஒரு பிள்ளையாவது தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்த மரம் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் கேட்கும். வயதானவர்கள் சொல்ல ஆரம்பித்தால் இரண்டு வாரத்துக்குப் பலகையில் நீங்கள் எதுவுமே எழுத வேண்டியிருக்காது. எந்தப் புத்தகம் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள், அப்புறம் பார்க்கலாம்.

வைகாசி, ஆனியில் காரைக்குடிச் சந்தைக்குப் பழம் நிறைய வரும். இரண்டு பழம் வாங்குங்கள், பணம் நான் அனுப்புகிறேன். முள்ளை எண்ணுவது ஒரு குழு, சுளையை எண்ணுவது ஒரு குழு. நாரையும் தூக்கிப் போடாமல் ஒரு பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள், பொறுமையான பிள்ளையாகப் பார்த்து. பால் ஒட்டும், எல்லோர் கையிலும் நல்லெண்ணெய் தடவிவிடுங்கள். மூன்று எண்ணையும் பலகையில் எழுதி, அந்தப் பலகையைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.