பழைய துப்பாக்கிக்கு மறுமெருகு போடலாமா? கேள்வி பதில்

குடும்ப வழியில் வந்த ரிவால்வர். ப்ளூயிங் (இரும்பின் மேல் ஏற்றும் கருநீல மெருகு) பாதி போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டது. புதிதாக ப்ளூயிங் போட்டால் விலை ஏறும்தானே?

பெரும்பாலும் இறங்கும். பளபளப்பு வேண்டுமென்பவர் புதுத் துப்பாக்கியே வாங்கிக்கொள்வார். பழையதைத் தேடி வருபவர் பார்ப்பது, தொழிற்சாலையில் போட்ட மெருகு இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைத்தான். அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கம் பழங்காலத் துப்பாக்கிகளுக்கு வைத்திருக்கும் தரவரிசையைப் பாருங்கள். எல்லாப் பாகங்களும் அசலாக இருந்து, அசல் மெருகு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 'எக்ஸலண்ட்'. 30-க்கு மேல் என்றால் 'ஃபைன்'. 30-க்குக் கீழே, துளியும் இல்லாவிட்டாலும்கூட, 'வெரி குட்'. மறு ப்ளூயிங் செய்ததற்கு இடம் அதற்கும் ஒரு படி கீழே, வெறும் 'குட்'. காசு செலவழித்து ஒரு படி இறங்குவானேன்?

கைதேர்ந்தவர் செய்தால் யாருக்குத் தெரியப்போகிறது, சார்?

தெரியும். மறுமெருகு என்றாலே முதலில் பழையதைத் தேய்த்து எடுக்க வேண்டும். மாட்டிக்கொள்வது அந்தத் தேய்ப்பில்தான். பஃபிங் சக்கரத்தில் கொடுத்த துப்பாக்கியில் கூராக இருக்க வேண்டிய விளிம்புகள் மழுங்கியிருக்கும். திருகுத் துளைகளின் வாய் கிண்ணம்போலக் குழிந்திருக்கும். முத்திரை எழுத்துகள் ஒரு பக்கமாக இழுபட்டு மங்கியிருக்கும். துருக் குழிகளுக்கு உள்ளேயும் நீலம் ஏறியிருந்தால், குழி முதலில், நீலம் பிறகு என்பது உறுதி.

அடுத்தது, தப்பான இடத்தில் தப்பான நிறம். பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கி லூகர் பி08-இல் ட்ரிகர் போன்ற சில சிறு பாகங்கள் வைக்கோல் நிறத்தில் இருக்கும்; அவையும் சேர்ந்து கருநீலமாக இருந்தால் யாரோ மொத்தமாக முக்கி எடுத்திருக்கிறார்கள். 1873-இல் வந்த, கோல்ட் (Colt) நிறுவனத்தின் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரின் ஃபிரேமில் (நடு உடலில்) பொதுவாகக் கேஸ் ஹார்டனிங்கின், அதாவது கரியில் புதைத்துச் சூடாக்கி மேற்பரப்பைக் கடினமாக்கும் முறையின், பல நிறத் திட்டுகள் ஓடும். அது ஒரே நீலமாக இருந்தால் ஆவணம் கேளுங்கள். தொழிற்சாலையே நீலமாக அனுப்பியவையும் உண்டு.

காலமும் காட்டிக்கொடுக்கும். சூடான காரக் கரைசலில் முக்கும் ப்ளூயிங் பரவலானது 1930-களின் பிற்பகுதியில்தான். அதற்கு முன் மெதுவாகத் துருவேற்றிக் கறுக்கவைக்கும் முறையும் கரியோடு சூளையில் சூடாக்கும் முறையும் இருந்தன. 1900-ஆம் ஆண்டுத் துப்பாக்கி ஒன்று காரக் கரைசலின் கருமையோடு வந்தால் அதன் கதை கையில் எடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.

சின்னக் கீறலுக்கு மட்டும் கோல்ட் ப்ளூ (cold blue, சூடாக்காமல் தடவும் ப்ளூயிங் கலவை) தடவலாமா?

வேண்டாம். நிறம் பொருந்தாது, சீக்கிரம் தேய்ந்தும் போகும். பெரும்பாலான கலவைகளில் செலீனியம் உண்டு. அதன் வாடை லேசில் போகாது. அனுபவசாலிகள் துப்பாக்கியை மூக்கருகே கொண்டுபோவது இதற்காகத்தான்.

இரட்டைக் குழல் ஷாட்கன், குழல்கள் வெளிறிவிட்டன. பட்டறையில் சூடான ப்ளூயிங் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். இங்கே விலைக்கு முன் துப்பாக்கியே போய்விடும். பழைய இரட்டைக் குழல்களின் நடுப்பட்டையை ஈயப் பற்றில்தான் ஒட்டியிருப்பார்கள். சூடான காரக் கரைசல் அந்தப் பற்றை அரித்துவிடும். பட்டைக்கு அடியில் தங்கிய கரைசல் பிறகும் உள்ளே தின்றுகொண்டிருக்கும். கட்டாயம் செய்தாக வேண்டுமென்றால் துருவேற்றும் ப்ளூயிங் மட்டும். டமாஸ்கஸ் குழலாக (இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிச் செய்த குழல்) இருந்தால் அதன் சுருள் கோலத்தை எடுப்பிக்கும் பழுப்பாக்கல் தெரிந்தவரிடம் மட்டும் போங்கள்.

வின்செஸ்டர் 1866-இன் மஞ்சள் ஃபிரேமைப் பாலிஷ் போட்டு மின்னவைக்கலாமா?

கூடாது. அந்த வெண்கலத்தில் படிந்திருக்கும் மங்கல்தான் அதன் வயதுச் சான்று.

செந்துரு வர ஆரம்பித்துவிட்டது. இதையும் தொடக்கூடாது என்பீர்களா?

இதைத் தொட்டே ஆக வேண்டும். துருவை நிறுத்துவது பராமரிப்பு, மறுமெருகு அல்ல. முதலில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மெல்லிய எண்ணெய் தடவி, அது துருவுக்குள் ஊறும்வரை விடுங்கள். ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை. பிறகு மெதுவான கையோடு, இரும்பைவிட மென்மையான செம்புத் துண்டாலோ வெண்கலப் பஞ்சாலோ துருவை மட்டும் எடுங்கள். உப்புத்தாளைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். துடைத்தபின் மெழுகு பூசலாம். அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் ரெனைசான்ஸ் வாக்ஸ், பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் உருவான நுண்படிக மெழுகு. இரும்புக்கும் மரத்துக்கும் ஒத்துப்போகும். பழுப்பாக உறைந்து நின்றுவிட்ட மங்கலைச் சுரண்டாதீர்கள்.

துப்பாக்கியின் மரக் கட்டையில் ஏகப்பட்ட கீறல். தேய்த்து வார்னிஷ் அடித்தால்?

இரும்பைக் கெடுப்பதைவிட மரத்தைக் கெடுப்பது சுலபம் என்பதால் அதிகம் நடப்பது இதுதான். பழைய கட்டைகளில் மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும். தேய்த்தால் தாழ்ந்துவிடும், விரல் வைத்தாலே தெரியும். ராணுவ ரைஃபிள் என்றால் ஆய்வாளர் குத்திய முத்திரையும் போய்விடும். அழுக்கைத் துடையுங்கள், கீறல் இருந்துவிட்டுப் போகட்டும்.

ராணுவமே மறுமெருகு போட்ட ரைஃபிள் என்றால் மதிப்பு குறையுமா, அண்ணா?

நல்ல கேள்வி. அமெரிக்க ராணுவத்தின் எம்1 கராண்ட் ரைஃபிள்களில் ஏராளமானவை ராணுவப் பணிமனைகளில் பாகம் மாற்றி, பார்க்கரைசிங் என்னும் பாஸ்பேட் பூச்சு மறுபடி ஏற்றி வெளியே வந்தவை. சோவியத் ராணுவம் கைப்பற்றிய ஜெர்மன் 98கே ரைஃபிள்களும் பிரித்து, கலந்து, மறுபடி ப்ளூயிங் செய்யப்பட்டவை. இந்த வேலைகள் துப்பாக்கியின் பணிக்காலத்தைச் சேர்ந்தவை. தனி வகையாகவே இவற்றைச் சேர்ப்பவர்கள் உண்டு. தொடாத அசலின் விலை வராது, அவ்வளவுதான். இவற்றை 'அசல்' ஆக்குகிறேன் என்று இறங்குவது பணத்தைத் தண்ணீரில் கரைப்பது.

தயாரித்த நிறுவனமே திரும்பப் பெற்றுச் செய்த வேலைக்கும் ஓரளவு இதே கணக்கு. ஸ்மித் அண்ட் வெஸன் பழைய ரிவால்வர்களில் வரிசை எண்ணருகே ஒரு நட்சத்திரம் குத்தியிருந்தால், அது தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய் வந்தது.

அப்படியானால் எப்போதுதான் செய்யலாம்?

ஏற்கெனவே கெட்டுப்போனதற்கு. பிற்காலத்தில் யாரோ நிக்கல் முலாம் பூசியது, தொலைநோக்கிக்காகத் துளை போட்டது, அரைத்துத் தள்ளியது: இவற்றில் இழக்க அசல் ஒன்றும் மிச்சமில்லை. அக்கால முறையிலேயே செய்யத் தெரிந்தவர் கிடைத்தால் செய்யுங்கள். விலை கொஞ்சம் ஏறவும் கூடும். ஆனால் சாதாரண மாடலுக்குக் கூலியே துப்பாக்கியின் விலையைத் தாண்டும். ஆசைக்காகச் செய்கிறேன் என்று தெரிந்தே செய்யுங்கள். கேஸ் ஹார்டனிங் நிறங்களைத் திரும்ப எழுப்ப, எலும்புக்கரியில் புதைத்து 700 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்கித் தண்ணீரில் குளிரவைக்க வேண்டும். பழகாத கையில் ஃபிரேம் வளைந்துவிடும். வரிசை எண்ணை யாரும் தேய்க்க விடாதீர்கள். எண் அழிந்த துப்பாக்கி பல நாடுகளில் குற்றவழக்கு.

விற்கும்போது சொல்லியே ஆக வேண்டுமா?

எழுத்திலேயே சொல்லுங்கள். வேலைக்கு முன் எடுத்த படங்களையும் பட்டறை ரசீதையும் சேர்த்துக் கொடுங்கள். மறைத்து அசல் விலைக்குத் தள்ளினால் அது மோசடி.