பனிச்சாலைக்கு ஒரு டயர், ஜவ்வாது மலைக்கு ஒரு டயரா?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன் ஐயா. பத்து சக்கர லாரி ஒன்றும் பிக்கப் ஒன்றும் வைத்திருக்கிறேன். லாரி, ஆம்பூர் தோல் சரக்கை ஏற்றிக்கொண்டு டெல்லி போகும். இந்த மார்கழியில் அங்கிருந்து அப்படியே ஸ்ரீநகர் போய் ஆப்பிள் ஏற்றி வரலாம் என்கிறார் புரோக்கர். பனியில் ஓட்ட விண்டர் டயர் வேண்டும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். பிக்கப் ஒடுகத்தூரிலிருந்து ஜவ்வாது மலையில் உள்ள பீஞ்சமந்தைப் பக்கம் சிமெண்டும் மளிகையும் ஏற்றிப் போய், சாமையும் புளியும் கொண்டு வரும். ஐப்பசி மழையில் சேற்றில் மாட்டுகிறது, வெயில் காலத்தில் கல் கிழிக்கிறது. எதற்கு என்ன டயர் போடுவது?

பதில்: லாரியை முதலில் பார்த்துவிடுவோம். விண்டர் டயர் வாங்காதீர்கள்.

சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினால் விறைக்க ஆரம்பிக்கும். விறைத்தால் பிடிப்பு போய்விடும். அதனால் விண்டர் டயருக்கு, அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும் ரப்பரைப் போடுகிறார்கள். பட்டன்களின் (டயர் முகத்தில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகள்) மேல் பிளேடால் கீறியது போல மெல்லிய வெட்டுகளும் இருக்கும். அந்த வெட்டுகள்தான் பனியைக் கவ்வும். அதே இளகிய ரப்பரை நம் ஊர் ரோட்டில் ஓட்டினால் என்ன ஆகும்? சித்திரை வெயிலில் வேலூரில் 40 டிகிரி தாண்டுகிறது, தார் அதைவிடக் கொதிக்கிறது. பள்ளிக்கொண்டா டோல்கேட்டுக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவிலேயே அது அழிரப்பர் மாதிரி தேயும். பிரேக் அடித்தால் வண்டி நிற்கும் தூரமும் கூடும்.

கணக்காகவும் பாருங்கள். குடியாத்தத்திலிருந்து ஸ்ரீநகர் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியில் நீங்கள் ஏறும் அதே 44-ஆம் எண் நெடுஞ்சாலைதான் ஸ்ரீநகர் வரை போகிறது. அதில் பனி விழ வாய்ப்புள்ளது ஜம்மு தாண்டிய கடைசி 250 கிலோமீட்டர் சொச்சத்தில்தான், அதிலும் பனிஹால், காஸிகுண்ட் பக்கம்தான் அதிகம். அந்தக் கொஞ்சத் தூரத்துக்காகப் பத்து டயரையும் மாற்ற வேண்டியதில்லை.

டயரின் பக்கவாட்டில் 'எம்+எஸ்' என்று இருந்தால் அதைப் பனி டயர் என்று யாராவது விற்கப் பார்க்கலாம். அது சேற்றுக்கும் பனிக்கும் ஆகும் என்று கம்பெனி தானே போட்டுக்கொள்ளும் குறி. உண்மையில் பனியில் சோதித்துத் தேறிய டயரில், மூன்று முகடுள்ள மலைக்குள் பனிச்செதில் வரைந்த சின்னம் இருக்கும். இரண்டும் ஒன்றல்ல.

உங்களுக்கு வேண்டியது இழுக்கும் ஆக்சிலில் நல்ல பட்டன் உள்ள டயரும், பனியில் வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டும், அளவுக்கேற்ற சங்கிலியும்தான். சட்டப்படி பட்டன்களுக்கு நடுவில் உள்ள பள்ளம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் ஓட்டலாம். பனிக்கு அது போதவே போதாது. கேஜ் வைத்துப் பார்த்து, 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் இழுக்கும் ஆக்சிலில் இருந்தால் அந்தப் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயர் பின்னால் இருக்கலாம், முன்னால் கூடவே கூடாது.

சங்கிலி வாங்கும்போது டயர் அளவைச் சொல்லி வாங்குங்கள். அளவு மாறினால் சரியாக உட்காராது. வீட்டு வாசலிலேயே டிரைவரையும் கிளீனரையும் இரண்டு முறை மாட்டிக் கழற்றச் சொல்லுங்கள். விரல் மரத்துப்போகும் குளிரில், பாதி பனியில் புதைந்த சக்கரத்துக்கு முதல்முறையாக மாட்டுவது லேசான வேலையில்லை. மாட்டியதும் நூறு மீட்டர் மெதுவாக உருட்டி, நிறுத்தி, மறுபடி இறுக்க வேண்டும். மட்கார்டிலோ காற்றுக் குழாயிலோ உரசுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். 30, 40-க்கு மேல் வேகம் வேண்டாம். பனி முடிந்து தார் தெரிந்ததும் கழற்றிவிடுங்கள். வெறும் ரோட்டில் ஓட்டினால் சங்கிலியும் அறும், டயரும் வெட்டுப்படும். பனி நாட்களில் சங்கிலி இல்லாத வண்டியைப் போலீஸார் மேலே விடாததும் உண்டு.

காற்று விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். இங்கே 35 டிகிரியில் 110 பவுண்டு அடித்த டயர், 5 டிகிரி குளிரில் ஓர் இரவு நின்றால் 98-க்கு இறங்கிவிடும். பஞ்சரும் இல்லை, வால்வும் கசியவில்லை, உள்ளே இருக்கும் காற்று சுருங்கியதுதான் காரணம். முழு லோடோடு அந்தக் குறைந்த காற்றில் ஓடினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். ஜம்முவில் காலையில், வண்டி நகரும் முன்பு ஒருமுறை பார்த்து அடித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது வெயில் ஊருக்கு வந்ததும், அதேபோல் டயர் ஆறியிருக்கும்போது மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள். நடுமத்தியானம் கொதிக்கிற டயரில் காற்றை இறக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது தப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்கழிப் பயணம் என்பதே எனக்குப் பிடிக்கவில்லை. டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாளை அங்கே 'சில்லாய் கலான்' என்கிறார்கள், காஷ்மீரின் கடுங்குளிர் அதுதான். பனி இல்லாத நாளிலும் ராம்பன் பக்கம் மண் சரிந்து ரோடு அடைபடும், ஆப்பிள் லாரிகள் வரிசையில் நிற்கும். முதல் பயணத்தை ஐப்பசிக்கு வையுங்கள். ஆப்பிள் சீசனும் அப்போதுதான், டிரைவருக்கும் மலை ரோடு பழகும்.

சரி, பிக்கப்புக்கு வருவோம். ஜவ்வாது மலைப் பனி மூடுபனியும் பனித்துளியும்தான். அங்கே டயருக்கு எதிரி ஈரக் களிமண்ணும் கூர்மையான கல்லும். இவை இரண்டும் கேட்பது வேறு வேறு.

சேற்றுக்குப் பட்டன்களுக்கு நடுவில் அகலமான பள்ளம் வேண்டும். சக்கரம் சுற்றும்போது சேறு தானாகத் தெறித்து விழ வேண்டும். நெருக்கமான கோடு போட்ட டயரில் சேறு அப்பிக்கொண்டால் அது மொட்டை டயருக்குச் சமம். ஆனால் பள்ளம் அகலமானால் கல் வந்து உட்காரும். போன கார்த்திகையில் மலையிலிருந்து இறங்கிய ஒரு பிக்கப்பைப் பார்த்தேன். பின் டயரின் பள்ளத்தில் புளியங்கொட்டை அளவுக் கல் ஒன்று. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும், அது இருந்த குழியிலிருந்து துருநிறத் தண்ணீர் கசிந்தது. கல் ரப்பரைத் துளைத்து, உள்ளே இருக்கும் எஃகுப் பெல்ட் கம்பி வரை போய், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. வெளியே பார்த்தால் பாதிக்கு மேல் பட்டன் இருந்த டயர் அது.

அதனால் பெரிய பட்டனும் அகலப் பள்ளமும் உள்ள முழு லக் டயரைப் பின்னால் மட்டும் போடுங்கள், வண்டியை இழுப்பது அந்தச் சக்கரங்கள்தான். முன்னால், நடுவில் கோடும் ஓரத்தில் பட்டனும் உள்ள செமி லக். நீளக் கோடு மட்டும் உள்ள ரிப் டயர் போட்டால், சேற்று இறக்கத்தில் ஸ்டியரிங்கைத் திருப்புவீர்கள், வண்டி நேராகப் போகும். பக்கச்சுவர் வெட்டுதான் பெரிய தொல்லை என்றால், நைலான் நூல் அடுக்குகள் கொண்ட நைலான் டயர் தாக்குப்பிடிக்கும், அதன் சுவர் தடிமன். ஆனால் குடியாத்தம்–ஒடுகத்தூர் தார் ரோட்டில் அது சூடாகும், சீக்கிரம் தேயும், டீசலும் கூடும். உங்கள் ஓட்டத்தில் பாதிக்கு மேல் தார் ரோடு என்பதால் என் யோசனை எஃகுக் கம்பிப் பெல்ட் உள்ள ரேடியல்தான். எதுவானாலும் ஒரே ஆக்சிலில் ரேடியலையும் நைலானையும் கலக்காதீர்கள்.

டயரில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். உங்கள் லாரி டயரில் '146/143 கே' என்று இருக்கலாம். தனியாக ஓடினால் 3,000 கிலோ, ஜோடியாக ஓடினால் 2,725 கிலோ தாங்கும், 110 கிலோமீட்டர் வேகம் வரை ஓடலாம் என்று பொருள். குவாரி வேலைக்கான டயர்களில் 'எஃப்' இருக்கும், அதற்கு 80-தான் எல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கி நெடுஞ்சாலையில் விரட்டினால் வெடிக்கும். முட்டை வடிவக் கட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். 3524 என்றால் 2024-இன் 35-ஆவது வாரம்.

சேற்றில் மாட்டினால் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் அகலமாகப் படிந்து ஏறும். சுமையை இறக்கிவிட்டு மட்டும் இதைச் செய்யுங்கள், தார் ரோடு வந்ததும் அடித்துவிடுங்கள். அதற்கு வண்டியின் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்னக் கம்ப்ரசர் ஒன்று உள்ளே கிடக்கட்டும். ஒவ்வொரு முறை மலை இறங்கியதும் ஒடுகத்தூரில் டீ குடிக்கும் நேரத்தில் நான்கு டயரிலும் கல் குத்தியிருக்கிறதா என்று நெம்பிப் பாருங்கள். அப்படியே ஸ்டெப்னியையும் தொட்டுப் பாருங்கள். மலைப்பாதையில் டயர் போன பிறகுதான் பாதிப் பேர் ஸ்டெப்னியில் காற்றில்லை என்று கண்டுபிடிக்கிறார்கள்.