நர்கிஸ் யாருடைய கோபம்?

கேள்வி: பூமி உயிருள்ள உடல், தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று விஞ்ஞானிகளே சொல்லியிருக்கிறார்களாமே? அப்படியானால் நர்கிஸ் புயலும் பூமித்தாய் தன் உடம்பைக் கழுவிக்கொண்டதுதானே?
– வாசகர், ரங்கூன்

பதில்: மியான்மரின் ஐராவதி டெல்டாவில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் முன்னால் நின்று இதைக் கேட்பீர்களா? 2008 மே 2 அன்று கரையேறிய அந்தப் புயலில் இறந்தோரும் காணாமல் போனோருமாக ஏறத்தாழ 1,38,000 பேர். கழுவி எறிய அவர்கள் அழுக்கா?

முதல் கேள்விக்கு வருகிறேன். 1970களில் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக் முன்வைத்த கருத்து அது. கிரேக்கப் பூமித் தெய்வமான கையாவின் பெயரை அதற்கு இட்டார். அவரோடு சேர்ந்து அதை வளர்த்த லின் மார்குலிஸே பூமியை ஓர் உயிரி என்று சொல்ல மறுத்தார். நானும் மறுக்கிறேன். உயிரி என்றால் சந்ததி வேண்டும். பூமி இன்னொரு பூமியை ஈன்றதில்லை.

ஆனால் சரிசெய்துகொள்வது என்பதில் உண்மை இருக்கிறது. வெற்றிலையில் நீங்கள் தடவும் சுண்ணாம்பே அதற்குச் சாட்சி. சூடு ஏறினால் மழை கூடும். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பாறையை அரிக்கும். அரித்தது ஆற்றோடு கடலுக்குப் போகும். சிப்பியும் பவளமும் அதை ஓடாக்கிக்கொள்ளும். ஓடு படிந்து படிந்து சுண்ணாம்புக்கல்லாகும். காற்றில் வாயு குறைந்தால் சூடும் தணியும். கரேன் மாநிலத்தில் பா-அன் ஊரைச் சுற்றி நிற்கும் மலைகளெல்லாம் இப்படிக் கல்லுக்குள் பூட்டி வைத்த வாயுதான். அந்தக் கல்லில் 100 கிலோவைச் சூளையில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும்; 44 கிலோ வாயுவாகிக் காற்றுக்கே திரும்பிவிடும். சூளைக்குச் சில நாள் போதும். பூமி அந்த வாயுவைத் திரும்பவும் கல்லாக்கிச் சூட்டைத் தணிக்க லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்க உங்களாலும் என்னாலும் முடியுமா?

நர்கிஸ் யாருடைய கோபமும் அல்ல. ஐராவதி முகத்துவாரத்தில் அலையாத்திக் காடு அடர்ந்து நின்றிருந்தால் கடலின் வேகம் கொஞ்சமாவது தணிந்திருக்கும். நெல்லுக்கும் இறாலுக்கும் அடுப்புக்கரிக்குமாக அதை வெட்டித் தீர்த்தார்கள். அந்த டெல்டா வயல்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் நம் செட்டியார்கள்; அங்கே அறுவடைக்குப் போனவர்களில் நம் பாட்டன்மாரும் உண்டு. இதையெல்லாம் பூமித்தாயின் கணக்கில் எழுதி முடித்துவிடாதீர்கள்.

டெல்டாப் பக்கம் உறவினர் இருந்தால் அவர்கள் ஊரில் எவ்வளவு அலையாத்தி மிச்சமிருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் பக்கம் ஒதுக்குகிறேன்.