பட்டாளத்துத் தாத்தாவின் பழைய போட்டோ: கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்துக்குப் போன தாத்தா, பெரியப்பா, மாமாக்களின் படங்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. படம் ஆளைக் காட்டும், படையைக் காட்டும். அதற்கு மேல் போக வேண்டுமானால் அவருடைய படை எண், அதாவது பட்டாளத்தில் அவருக்குக் கொடுத்த தனி எண் வேண்டும். பதில்களில் அது திரும்பவும் வரும்.

கேள்வி: ஐயா, அம்மா வழித் தாத்தாவின் படம் ஒன்றுதான் இருக்கிறது. காக்கி அரைக்கால் சட்டை, தலையில் உருளையாக, விளிம்பில்லாத கறுப்புத் தொப்பி. 'பெங்களூர் பட்டாளம்' என்று மட்டும் பாட்டி சொல்வார்கள். எந்தப் படை?

பதில்: அந்தத் தொப்பியே பாதி பதில். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்காரர்கள் அணிவது அது. இன்றைக்கு மெட்ராஸ் என்ஜினியர் குரூப் என்று பெயர். தலைமையகம் பெங்களூரில், அல்சூர் ஏரிப் பக்கம். அவர்களுக்குச் செல்லப்பெயரே 'தம்பிகள்'தான். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை.

ஆனால் படை தெரிந்ததோடு நிறுத்திவிடாதீர்கள். சாப்பர்களைத் தனித்தனிக் கம்பெனியாகப் பிரித்து வெவ்வேறு டிவிஷனோடு, அதாவது பெரும்படைப் பிரிவோடு, அனுப்பினார்கள். ஒரு கம்பெனி இத்தாலியில் இருந்தபோது இன்னொன்று பர்மாவில் இருந்தது. சுபேதார் சுப்பிரமணியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர், 11ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனி. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடி வெடிக்கப் போகிறது என்று தெரிந்ததும், கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன்மேல் விழுந்து உயிரைக் கொடுத்தார். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது அவருக்குக் கிடைத்தது. அவரைப் போலப் பெயர் நிலைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களை நாம்தான் தேடி எடுக்க வேண்டும்.

அதனால் படத்தில் சட்டைக் கையின் மேல்பகுதியில் டிவிஷன் சின்னம் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். கழுகு இருந்தால் 4ஆவது இந்திய டிவிஷன்: வட ஆப்பிரிக்கா, எரித்ரியா, இத்தாலி. கறுப்புப் பூனை என்றால் 17ஆவது: பர்மா, இம்பால். சீட்டுக்கட்டு ஸ்பேடு என்றால் 25ஆவது: அரக்கான். கேடயத்துக்குள் கத்தி தலைகீழாக நின்றால் பர்மாவில் போரிட்ட 14ஆவது ராணுவம்.

அப்புறம் வீட்டில் தேடுங்கள். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புத்தகம், கடித உறை. அட்டத்தில் கிடக்கும் தகரப் பெட்டியைத் துடைத்துப் பாருங்கள். மூடியிலோ பக்கவாட்டிலோ வெள்ளைப் பெயின்ட்டில் எண்ணும் பெயரும் எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. அந்த எண்ணோடு தகப்பனார் பெயர், ஊர், பழைய தாலுகா சேர்த்து பெங்களூரில் உள்ள அவர்களுடைய ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதுங்கள். எண் இல்லாமல் 'முனுசாமி, செங்கல்பட்டு ஜில்லா' என்று எழுதினால் அவர்களும் பாவம், என்ன செய்வார்கள்?

கேள்வி: அண்ணா, பெரியப்பா படத்தில் நெஞ்சில் ரிப்பன் பட்டை இருக்கிறது. கலர் ஆக்கும் ஆப்பில் போட்டேன், பச்சையாக வந்தது. பச்சை ரிப்பன் எந்தப் போர்?

பதில்: அந்தப் பச்சையை நம்ப வேண்டாம். ஆப் ஊகித்துப் போடுகிற நிறம் அது. பழைய ஸ்டூடியோ பிலிம் சிலவற்றில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும். கறுப்பு வெள்ளைப் படத்திலேயே கோடுகளின் அகலத்தை மட்டும் பாருங்கள். ஆப்பிரிக்கப் போருக்கான ஆப்பிரிக்கா ஸ்டார் பதக்கத்தின் ரிப்பன் வெளிர் மணல் நிறம், நடுவில் அகலமான சிவப்புப் பட்டை. அது 1943இல் அறிவிக்கப்பட்டது. பர்மா ஸ்டார் 1945இல்தான் வந்தது. ஆக, ரிப்பனை வைத்துப் படம் எந்த வருஷத்துக்குப் பின் எடுத்தது என்றும் சொல்லிவிடலாம்.

இன்னொன்று. ரிப்பன் இடது நெஞ்சில்தான் இருக்கும். உங்கள் படத்தில் அவருடைய வலது நெஞ்சில் தெரிகிறது என்றால் பிரதி எடுத்தவர் நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்.

கேள்வி: தோளில் ஒரு நட்சத்திரம். தாத்தா லெப்டினன்ட் என்று குடும்பத்தில் சொல்கிறோம். சரிதானே?

பதில்: ஒரு நட்சத்திரம் என்றால் செகண்ட் லெப்டினன்ட். ஆனால் ஜமேதாராகவும் இருக்கலாம், சிப்பாய்க்கும் லெப்டினன்ட்டுக்கும் நடுவில் இருந்த பதவி அது. அவருக்கும் ஒரு நட்சத்திரம்தான், சுபேதாருக்கு இரண்டு. சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர் என்று வீட்டில் சொன்னால் ஜமேதார் என்றே நினைப்பேன். அது சின்னப் பதவி இல்லை. சிப்பாய்கள் தங்கள் கஷ்டத்தை முதலில் போய்ச் சொன்னது அவர்களிடம்தான்.

கேள்வி: சித்தப்பா 1942இல் சிங்கப்பூரில் காணாமல் போனார் என்று தந்தி வந்ததாம். கல்லறை எங்காவது இருக்குமா?

பதில்: இறந்துவிட்டதாகப் பதிவாகியிருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் இருக்க வேண்டும். தேடக் காசு கட்ட வேண்டாம். இந்து வீரர்களைத் தகனம் செய்வதே வழக்கம் என்பதால் தனிக் கல்லறை இல்லாமல் நினைவுச் சுவரில் பெயர் மட்டும் இருக்கும். சிங்கப்பூர் என்றால் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சின்னம். அதில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. பர்மா என்றால் ரங்கூன் பக்கம் தௌக்கியான்.

பெயரில் கிடைக்காவிட்டால் மனம் தளராமல் ஊர்ப் பெயரில் தேடுங்கள். பல பதிவுகளில் தகப்பனார், மனைவி, கிராமம் வரை குறித்திருக்கிறார்கள். ஆனால் வெள்ளைக்காரன் எழுதிய வகையில் தேட வேண்டும்: டின்னவெலி, டாஞ்சூர், ட்ரிச்சினாப்பொலி, ராம்னாட்.

கேள்வி: படம் ஈப்போ ஸ்டூடியோவில் எடுத்தது. தாத்தா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். காக்கி உடுப்பு ஏன்?

பதில்: 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்த பின் தோட்டத் தமிழர்கள் பெருமளவில் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தார்கள். அங்கே முதலில் பாருங்கள். அப்படியானால் ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் ஆபீசில் தேடிப் பயனில்லை. தாத்தாவோ பாட்டியோ தியாகி பென்ஷன் வாங்கியிருந்தால் அந்தக் கோப்பில் சேர்ந்த தேதி, பிரிவு, சிறையில் இருந்த காலம் எல்லாம் இருக்கும். கலெக்டர் ஆபீசில் கேளுங்கள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் ஐ.என்.ஏ. கோப்புகள் உண்டு.

கேள்வி: தாத்தா மிலிட்டரி லாரி டிரைவர். எங்கே எழுதுவது?

பதில்: ஆர்மி சர்வீஸ் கோர் என்றால் பெங்களூர். காலாட்படையாக மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர்களுக்கு வெலிங்டன், பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ. எழுதுவதற்கு முன் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். பாட்டி உதவித்தொகை வாங்கியவர் என்றால் படை எண் அங்கேயே கிடைத்துவிடும்.

கேள்வி: படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பின்பக்கம் பார்க்கப் பிரிக்கலாமா?

பதில்: நீங்களே பிரிக்க வேண்டாம், முகம் கிழிந்து வந்துவிடும். முதலில் கண்ணாடியோடு வைத்தே நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். பிறகு பழைய படங்களைச் செப்பனிடத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, கையெழுத்து எல்லாம் பின்பக்கம்தான் இருக்கும், அதையும் படம் எடுக்கச் சொல்லுங்கள்.