மொழிக்கும் சிந்தனைக்கும் ஏற்றபடி மனித மூளை எவ்வாறு பரிணமித்தது?

இதில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. மூளைக்கு மொழி எப்படி வாய்த்தது என்பது ஒன்று. மொழி இல்லாமல் மூளையால் சிந்திக்க முடியுமா என்பது மற்றொன்று. இவற்றுக்கு விடை தேடி நான் படிக்கத் தொடங்கியதற்கு என் அப்பாவே காரணம். மளிகைக் கடை நடத்தியவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் மூளையின் இடப்பக்கத்தைத் தாக்கிய பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சு அடியோடு நின்றுபோனது. வீடு திரும்பிய சில வாரங்களில், அம்மா எழுதிக்கொண்டிருந்த பால் கணக்கு நோட்டை இடது கையால் இழுத்து, ஒரு வரியின் மேல் விரலை அழுத்தியபடியே இருந்தார். முப்பத்தொரு நாள் மாதத்துக்கு அம்மா முப்பது நாள் கணக்குப் போட்டிருந்தார். "பால்" என்ற ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. கணக்கில் இருந்த பிழை கண்ணுக்குத் தப்பவில்லை.

1861இல் பாரிசுக்கு அருகிலுள்ள பிசேத்ர் மருத்துவமனையில் புரோக்கா என்ற மருத்துவர் கண்டதும் ஏறக்குறைய இதுவே. லெபோர்ன் என்ற நோயாளியால் "டான்" என்ற ஓரசையைத் தவிர அநேகமாக வேறெதையும் சொல்ல முடியாது. எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டபோது, அவர் ஒரு கையின் ஐந்து விரல்களையும் நான்கு முறை விரித்துக் காட்டிவிட்டு, பிறகு ஒரே ஒரு விரலை நீட்டினார். இருபத்தொன்று, சரியான விடை. சில நாட்களில் அவர் இறந்தபின் மூளையைப் பார்த்த புரோக்கா, நெற்றிக்குப் பின்னால் உள்ள இடது முன்மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருப்பதைக் கண்டு, அதைப் பேச்சின் இருப்பிடம் என்றார். பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த அதே மூளையை எம்ஆர்ஐ கருவியில் வைத்துப் பார்த்த முடிவுகள் 2007இல் வெளிவந்தபோது, சிதைவு மேற்பரப்போடு நிற்காமல், முன்மடலையும் காதுப்பக்கமுள்ள பொட்டு மடலையும் இணைக்கும் வில் வடிவ நரம்பிழைக் கற்றை வரை ஆழமாகச் சென்றிருப்பது தெரிந்தது.

மூளைக்கு மொழி எப்படி வாய்த்தது என்ற முதல் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இந்தக் கற்றையில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். புரோக்கா சுட்டிய அந்த இடத்துக்கு, அதாவது புரோக்கா பகுதிக்கு, ஒப்பான பகுதி மக்காக் குரங்குக்கும் உண்டு. அங்கே அது வாய், முக அசைவுகளோடு தொடர்புடையது. ஆகவே பரிணாமம் புதிய உறுப்பு ஒன்றைப் படைத்துவிடவில்லை. மக்காக், சிம்பன்சி, மனிதன் ஆகிய மூவரின் மூளைகளை ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வில், பொட்டு மடலுக்குள் இறங்கும் அந்தக் கற்றையின் கிளை மனிதனிடம் மிகத் தடிமனாகவும், மற்ற இரண்டிலும் மெலிந்தோ இல்லாமலோ இருப்பது காணப்பட்டது. பழைய வீட்டின் அறைகளுக்கு நடுவே புதிதாக அகலமான வழி திறந்ததைப் போன்றது இது. குரல் விஷயத்திலும் அப்படியே. மக்காக்கின் தொண்டையும் வாயும் தனித்தனி உயிரொலிகளை எழுப்பும் அமைப்புடையவைதாம். ஆனால் குரல்வளைத் தசைகளை இயக்கும் நரம்பணுக்களுக்கு மூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து நேரடியாகச் செல்லும் வலுவான இணைப்பு மனிதனிடமே இருக்கிறது.

மூளையின் பருமனை மட்டும் வைத்து இதை விளக்கிவிட முடியாது. சிம்பன்சிக்குச் சுமார் 400 கன சென்டிமீட்டர், நமக்குச் சுமார் 1,350. யானைக்கோ நம்மைவிடப் பெரிய மூளை. அதுபோலவே, "மொழி மரபணு" என்று பத்திரிகைகள் எழுதும் ஃபாக்ஸ்பி2வும் தனியொரு விடை ஆகாது. லண்டன் குடும்பம் ஒன்றில் மூன்று தலைமுறைகளாகப் பாதிப்பேருக்குப் பேச்சுக் குறைபாடு இருந்ததை ஆராய்ந்து 2001இல் அதைக் கண்டறிந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் சிம்பன்சியிடமிருந்து நம்மை வேறுபடுத்தும் அது உருவாக்கும் புரதத்தின் இரண்டு அமினோ அமில மாற்றங்களும், அழிந்துபோன நம் உறவினமான நியண்டர்தால் மனிதர்களிடமும் இருந்தன. நான் வியப்பது வேறொன்றை. மனிதக் குழந்தை, வளர்ந்தவரின் மூளையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பருமனுள்ள மூளையோடு பிறக்கிறது. புரோக்கா பகுதிக்குச் செல்லும் இணைப்பு அப்போது முதிர்ந்திருப்பதில்லை. தாயின் பேச்சையும் வீட்டின் பேச்சையும் கேட்டுக்கொண்டே அது முதிர்கிறது.

மொழி இல்லாமல் மூளையால் சிந்திக்க முடியுமா என்ற இரண்டாவது கேள்விக்கு என் பதில், முடியும் என்பதே. இலக்கண அறிவைப் பெரிதும் இழந்த நோயாளிகள், அடைப்புக்குறிகள் போட்ட கணக்குகளைக்கூடச் சரியாகச் செய்திருக்கிறார்கள். வாக்கியங்களைப் படிக்கும்போது சுறுசுறுப்பாகும் மூளைப் பகுதிகள், கணக்குப் போடும்போது பெரும்பாலும் ஓய்ந்திருப்பதைப் படமெடுத்தும் காட்டியிருக்கிறார்கள். அதற்காகச் சிந்தனைக்கு மொழி உதவுவதே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. அமேசான் பகுதியில் வாழும் முண்டுருக்கு மக்களின் மொழியில் ஏறக்குறைய ஐந்துக்கு மேல் எண்ணுப்பெயர்கள் இல்லை. அவர்களால் பெரிய தொகைகளைத் தோராயமாக நன்றாகவே ஒப்பிட முடிகிறது. துல்லியமாகக் கணக்கிடுவதுதான் கடினமாகிறது.

அப்பா இப்போது மாலைகளில் என் மகனோடு ஆடுபுலி ஆட்டம் ஆடுகிறார். பல நகர்த்தல்களை முன்கூட்டியே யோசிக்காமல் அதில் புலியை அடைக்க முடியாது, அவர் அடைத்துவிடுகிறார். "எப்படித் தாத்தா?" என்று பேரன் கேட்டால், சொல்லத் தெரியாமல் சற்று நேரம் உதட்டை அசைத்துவிட்டு, காய்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்து, மறுபடியும் மெதுவாக நகர்த்திக் காட்டுகிறார்.