கானா இதழின் முதல் அட்டையில் யார் முகம்?

கேள்வி: வியாசர்பாடியில் நண்பர்கள் சேர்ந்து கானா இசைக்காகக் காலாண்டிதழ் தொடங்குகிறோம். முதல் அட்டையில் எங்கள் பகுதியின் மூத்த பாடகர் ஒருவரின் படத்தைப் போட ஆசை. அச்சு வேலையை எடுத்திருக்கும் ஏஜென்டோ, “தெரியாத முகம் போட்டால் போணி ஆகாது, பிரபல சினிமா இசையமைப்பாளர் படத்தை நெட்டிலிருந்து எடுத்துத் தருகிறேன்” என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் ஆசைதான் சரி. ஏஜென்ட் பேச்சைக் கேட்டால் இதழும் விற்காது, வம்பும் வீடு தேடி வரும்.

இசையமைப்பாளரின் முகத்தை வாசகர் தினமும் கைப்பேசியில் காசில்லாமல் பார்க்கிறார். அதை நம்பி உங்கள் இதழை வாங்குபவர், உள்ளே அவரைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லையென்றால் அடுத்த இதழைத் தொடமாட்டார். இன்னொன்று, நெட்டில் கிடைப்பதெல்லாம் பொதுச் சொத்து அல்ல. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தின் உரிமை எடுத்த புகைப்படக்காரருக்கோ, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கோ உரியது. நோட்டீஸ் வந்தால் அது வெளியீட்டாளரான உங்கள் பெயருக்குத்தான் வரும். ஏஜென்ட் அப்போது போனை எடுக்கமாட்டார்.

தெரியாத முகத்தை வாங்க வைப்பது எப்படி என்பதுதான் உங்கள் உண்மையான கவலை. வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு பெட்டிக்கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கயிற்றில் கிளிப் மாட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறியபடி இதழ்கள் தொங்கும். பலவற்றில் மேலே நாலு விரற்கடைதான் கண்ணில் படும். இதழின் பெயரும் பாடகரின் கண்களும் அந்த இடத்துக்குள் வந்துவிட வேண்டும். புகழ்பெற்ற இதழ்கள் பாடகரின் தலையால் பெயரையே பாதி மறைப்பதுண்டு. அந்தப் பெயர் ஊருக்கே தெரியும். நீங்கள் ஓர் எழுத்தைக்கூட மறைக்காதீர்கள்.

படத்தைக் காலை வெயிலில், மொட்டைமாடியில் எடுங்கள். பாடகர் நேராக கேமராவைப் பார்க்கட்டும். கையில் புல்புல்தாரா இருந்தால் இன்னும் நல்லது: இடக்கை விரல்கள் அதன் கட்டைகளை அழுத்தியிருக்க, வலக்கை தந்தியில் இருக்கட்டும். அந்தக் கருவியைப் பார்த்தவுடன் இது கானா என்று நம் பகுதிக்காரர் அறிவார். பின்னணி ஒரே நிறமாக இருக்கட்டும். கெஞ்சிக் கேட்கிறேன், ஃபிளெக்ஸ் பேனர் வடிவமைப்பவரிடம் அட்டையைக் கொடுத்துவிடாதீர்கள். பதினைந்து தலை, ஐந்து நிறம், எழுத்துக்கு மூன்று நிழல் என்று நிரப்பிவிடுவார். எத்தனையோ நல்ல இதழ்கள் அப்படித்தான் வீணாயின.

அட்டையில் எழுத்தே வேண்டாம், படம் பேசட்டும் என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். அதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ‘ரோலிங் ஸ்டோன்’ என்ற அமெரிக்க இசை இதழின் 22 ஜனவரி 1981 அட்டை. பீட்டில்ஸ் புகழ் பாடகர் ஜான் லெனனும் அவர் மனைவி யோகோ ஓனோவும் இருக்கும் அந்தப் படத்தை ஆனி லீபோவிட்ஸ் 1980 டிசம்பர் 8 அன்று எடுத்தார். அன்றிரவே லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அட்டையில் இதழின் பெயரைத் தவிரத் தலைப்பு எதுவும் இல்லை. தேவையும் இல்லை, அவர் இறந்த செய்தி உலகம் முழுக்கப் பரவியிருந்தது, இதழும் 1967 முதல் வந்துகொண்டிருந்தது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் மௌனம் எடுபடும். உங்கள் பாடகர் யார் என்று புரசைவாக்கத்து வாசகருக்கே தெரியாது. ஆகவே அவர் பெயரும், அவர் சொன்ன கூர்மையான ஒரு வாக்கியமும் அட்டையில் கட்டாயம் வேண்டும். மற்ற தலைப்புகள் இரண்டு போதும்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஏ4 அட்டை தெளிவாக அச்சாக ஏறக்குறைய 2480-க்கு 3508 பிக்சல் தேவை. திரையில் பளிச்சிடும் பச்சையும் நீலமும் தாளில் மங்கும். வண்ண மாதிரிப் பிரதியைக் கண்ணால் பார்க்காமல் ‘ஓகே’ சொல்லாதீர்கள். ‘சிவகாசி விலை’ என்று அவசரப்படுத்தும் தரகர்கள் மாதிரியைக் காட்டுவதே இல்லை.

பெயரெழுத்து வரைய ஓவியருக்கு முன்பணம் கொடுப்பதற்குள் பெயர் பதிவை முடியுங்கள். பத்திரிகைப் பதிவுக்கான 1867-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் இயற்றிய புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. விண்ணப்பம் மத்திய அரசின் ‘பிரஸ் சேவா’ இணையதளத்தில்தான். நாலு பேர் கைக்காசு போட்டு நடத்தும் சிற்றிதழும் பெரிய நாளிதழும் ஒரே வாசலில் நிற்க வேண்டியிருப்பது எனக்குத் தாங்க முடியாத எரிச்சல். அந்த அலுப்பைத்தான் ஏஜென்டுகள் காசாக்குகிறார்கள். அதே பெயரோ அதைப் போன்ற பெயரோ ஏற்கெனவே இருந்தால் உங்களுடையது கிடைக்காது. மாற்றுப் பெயர்கள் சிலவற்றை வைத்திருங்கள். இதழ்களுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். வாங்கித் தருவதாக ஏஜென்ட் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். புது தில்லியில் உள்ள தேசிய அறிவியல் நூலகம் அதை இலவசமாகவே தருகிறது.