வரிவரியாகக் களை நின்றால் நாசிலைப் பாருங்கள்

கேள்வி: வேப்பூர் பக்கம் நாலு ஏக்கரில் மானாவாரி மக்காச்சோளம். விதைத்த மூன்றாம் நாள் வாடகை டிராக்டர் ஸ்பிரேயரில் (400 லிட்டர் டேங்க், மருந்து பீச்சும் 12 நாசில்) அட்ரசின் 50 சதக் களைக்கொல்லிப் பவுடர், டேங்குக்கு ஒரு கிலோ போட்டு அடித்தோம். இருபது நாளில் களை வரிவரியாக நிற்கிறது, சில இடத்தில் திட்டாகவும். இன்னொரு தடவை அட்ரசின் அடிக்கலாமா? அடுத்து உளுந்து விதைக்கணும்.

பதில்: வேண்டாம். அட்ரசின் மண்ணில் தங்கும் மருந்து. மறுபடி அடித்தால் பின்னால் வரும் உளுந்தைப் பாதிக்கும். வளர்ந்துவிட்ட களையை அது சரியாகக் கொல்லவும் செய்யாது. இந்தப் போகத்துக்குக் களைவெட்டி மண் அணைத்துவிடுங்கள்.

வண்டி போன திசையிலேயே வரி ஓடினால் கோளாறு நாசிலில். ஒன்று அடைத்திருக்கும், அல்லது பூம் (நாசில்கள் மாட்டிய நீளக் கம்பி) தாழ்ந்திருக்கும். 50 செ.மீ. இடைவெளியில் உள்ள 110 டிகிரி தட்டை விசிறி நாசிலுக்குத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் வேண்டும், தாழ்ந்தால் இரண்டு விசிறிக்கு நடுவே போதிய மருந்து விழாது. அடைப்பை மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள். கம்பி விட்டால் துளை கெடும், வாயால் ஊதவே கூடாது.

திட்டாக நிற்பது கலக்கலில் வந்த கோளாறு. இது கரைகிற பவுடர் இல்லை, தண்ணீரில் மிதக்கிற தூள். டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் அடியில் படிந்துவிடும். முதலில் கெட்டியாகவும் கடைசியில் வெறும் தண்ணீராகவும் வரும். டேங்கில் பாதி தண்ணீர் பிடித்து, கலக்கியை ஓடவிட்டு, பவுடரை வாளியில் கூழாகக் குழைத்து வடிகட்டி வழியாக ஊற்றி, பிறகு மீதித் தண்ணீரை நிரப்பணும். அடித்து முடியும்வரை கலக்கி நிற்கக் கூடாது.

டேங்குக்கு ஒரு கிலோ என்பது ஏக்கருக்கு 500 கிராம் என்ற கணக்கில் சரிதான், 400 லிட்டர் இரண்டு ஏக்கருக்குப் போனால் மட்டும். அதை அளந்தே தெரிந்துகொள்ளணும். வயலில் 100 மீட்டர் குறித்து, அடிக்கப்போகும் கியரில், பி.டி.ஓ. (பம்பைச் சுழற்றும் டிராக்டர் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓட்டி நேரம் பாருங்கள். 90 விநாடி ஆனால் மணிக்கு 4 கி.மீ. வண்டியை நிறுத்தி, அதே சுற்றில், 3 பார் அழுத்தத்தில், வெறும் தண்ணீரை ஒவ்வொரு நாசிலிலும் 90 விநாடி பிடியுங்கள். சிவப்பு நிற 04 அளவு நாசிலானால் ஒன்றுக்குச் சுமார் 2.4 லிட்டர், பன்னிரண்டுக்கும் 28 லிட்டர் சொச்சம் வரும். அகலம் 6 மீட்டர் என்பதால் ஓடியது 600 சதுர மீட்டர்; ஏக்கர் அதைப்போல 6.75 மடங்கு, மொத்தத்தை 6.75 ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு 190 லிட்டர் சொச்சம். சராசரியைவிட பத்து சதம் கூடவோ குறையவோ தரும் நாசிலைக் கழுவிப் பாருங்கள். அப்போதும் கூடத் தந்தால் தேய்ந்தது, மாற்றுங்கள். வேகம் கூட்டக் குறைக்க ஆக்சிலேட்டரைத் தொடாமல் கியரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் அழுத்தமும் சேர்ந்து மாறிவிடும். வரப்பில் திரும்பும்போது வால்வை மூடணும்.

ஈரம் இல்லாத மண்ணில் அட்ரசின் வேலை செய்யாது, கோரைக்கு எப்போதுமே கேட்காது.

வாடகை வண்டியானால் முன்பு என்ன அடித்தார்கள் என்று கேளுங்கள். 2,4-டி களைக்கொல்லி என்றால் டேங்க், குழாய், வடிகட்டி எல்லாவற்றையும் மூன்று தடவை கழுவாமல் பருத்தி வயலுக்கு விடாதீர்கள். கழுவிய தண்ணீரை ஓடையில் ஊற்றாமல், அந்த மருந்தை அடித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள்.